ஆற்றின் முழு அகலம்

கூடத்துக் கதவைக் கீலிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஜெபக்கூடத்தில் பூசை முடிந்து முற்றத்துக்கு வந்த பசிலியா சீமாட்டி படியிலேயே நின்றுவிட்டாள். அது அவள் பாட்டனார் வைத்த ஓக் கதவு. வெர்னெல் கோட்டையை முற்றுகையிட்டவர்கள் நெருப்பு வைத்தும் அசையாத கதவு. அதை இப்போது முழங்கால்வரை சேறு அப்பிய இரண்டு ஐரிஷ்காரர்கள் அணைத்துப் பிடித்திருக்க, மூன்றாமவன் கடப்பாரையால் கீலை நெம்பிக்கொண்டிருந்தான். அந்த மூன்றாமவன் ஃபெலிம். அவள் தம்பி சர் மைலோவுக்குப் பால் கொடுத்து வளர்த்தவளின் மகன்.

"யாரைக் கேட்டு இதைக் கழட்டுறீங்க?"

ஃபெலிம் திரும்பாமலே சொன்னான். "வீட்டுக்காரரைக் கேட்டுத்தான்மா."

"வீட்டுக்காரர் வாயைத் தொறந்து தண்ணி கேக்க முடியாம கெடக்கார். கதவைக் கழட்டச் சொன்னாராக்கும்?"

"தண்ணி கேக்கல. கதவைத்தான் கேட்டார்."

மற்ற இருவரும் தங்கள் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். பசிலியாவுக்கு அந்தப் பாஷை தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியம் தனக்கு நேரவில்லை என்பதில் அவளுக்குப் பெருமைதான். ஆனால் இந்தக் கடைசி நாட்களில், தெரிந்திருந்தால் இவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பிடித்திருக்கலாமே என்று தோன்றத் தொடங்கியிருந்தது.

காலையில் அவளைப் பூசைக்கு அனுப்பியவள் ஃபினோலா. மைலோவின் மகள். "அத்தை, அப்பா இப்பத்தான் கண்ணசந்தார். நான் பார்த்துக்கறேன், நீங்க போய்ப் பூசை பாருங்க" என்று தோளைத் தொட்டுச் சொன்னாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இந்த வீட்டில் தன்னை யாராவது அன்பாக எங்கேயாவது போகச் சொன்னால், தன் முதுகுக்குப் பின்னால் ஏதோ நடக்கப்போகிறது என்பது பசிலியாவின் அனுபவம்.

அவள் ஃபெலிமைத் தள்ளாத குறையாக விலக்கிவிட்டு உள்ளே போனாள்.

மைலோ நெருப்பின் பக்கத்தில் கோரைப் படுக்கையில் கிடந்தான். போன இலையுதிர் காலத்தில், திருடர்கள் ஓட்டிக்கொண்டு போன மாடுகளை மீட்கப் போன இடத்தில் தொடையில் ஈட்டி இறங்கியிருந்தது. புண் ஆறினதுபோல் ஆறி, உள்ளுக்குள் சீழ் கட்டிவிட்டது. வைத்தியன் அப்படித்தான் சொன்னான். பசிலியா நம்பவில்லை. வெர்னெல் வம்சத்து ஆண்கள் தொடைக் காயத்தில் செத்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. ஃபெலிம் அக்கரையிலிருந்து வந்து, மைலோவுக்குத் தன் கையாலேயே புகட்ட ஆரம்பித்த பிறகுதான் மைலோ இப்படித் தளர்ந்தான். இதை யோசித்து யோசித்து, இன்று விடிவதற்குள் ஓர் ஆளைக் குதிரையில் ஏற்றித் தன் மகன் கில்பர்ட்டிடம் அனுப்பியிருந்தாள். "உடனே வா. உன் மாமாவுக்கு ஏதோ கொடுக்கிறார்கள்." சொல்லி அனுப்பியது அவ்வளவுதான்.

படுக்கையோரம் அந்த மரக்கிண்ணம் இருந்தது. பாதி நிறைந்திருந்தது. மேலே பச்சையாக ஏதோ கொழகொழவென்று மிதந்தது.

கடப்பாரையை வைத்துவிட்டு ஃபெலிமும் உள்ளே வந்தான்.

"என்ன இது?"

"பாலு. தேன். கொஞ்சம் கடல்பாசி."

"குடி."

ஃபெலிம் அவளைப் பார்த்தான். கிண்ணத்தை எடுத்தான். இரண்டு மடக்குக் குடித்தான். மீசையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மிச்சத்தை அவளிடம் நீட்டினான்.

"மிச்சம் உங்களுக்கு. முழுசையும் நானே குடிச்சிட்டா, முன்னாடியே மாத்து மருந்து தின்னுட்டு வந்திருக்கான்னு சொல்லுவீங்க."

அவள் அதைத்தான் சொல்ல இருந்தாள். ஆகவே வேறு வழியில்லாமல் வாங்கிக் குடித்தாள். பால்தான். தித்திப்பாக, வழவழவென்று தொண்டையில் இறங்கியது. நஞ்சாக இருந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

"அக்கா." மைலோ கண்ணைத் திறந்திருந்தான். "ருசியா இருக்கா?"

"பேசாதே. எங்கடா கிளம்புற நீ? கதவை எதுக்குக் கழட்டுறான் இவன்?"

"என்னைத் தூக்க வேற பலகை இல்ல. அக்கரைக்குப் போறேன்."

அவள் சந்தேகப்பட்டது இதுதான். அக்கரை ஃபெலிமின் ஆட்களுடைய மண். அங்கே ஒரு மடம் இருந்தது. மைலோவை அங்கே கொண்டுபோய்க் கம்பளியில் சுற்றிப் புதைப்பார்கள். பெண்கள் தலையை விரித்துப்போட்டு மாரில் அடித்துக்கொண்டு ஊளையிடுவார்கள். இங்கே ஜெபக்கூடத்தில், அப்பாவுக்குப் பக்கத்தில், அவள் கல்தச்சனை வைத்து அவன் உருவத்தைச் செதுக்க ஆரம்பித்திருந்த கல்லறைக் கல் வெறும் கல்லாகவே கிடக்கும். வருகிறவர்கள் கேட்பார்கள்: உங்கள் தம்பி எங்கே?

"உனக்குக் கல்லு செதுக்கிட்டிருக்கேன். கையில வாளோட. நீ அந்த மடத்துல மண்ணைத் தின்னுட்டுக் கெடக்கப் போறியா?"

"கல்லுல என்னைக் கொஞ்சம் ஒல்லியா செதுக்கச் சொல்லு." மைலோ மூச்சு வாங்கினான். "ஆத்தைத் தாண்டினா போதும், அக்கா. அப்புறம் எங்க வேணா தூக்கிட்டு வந்து பொதைச்சுக்க."

"தாண்டிப் போய் என்ன செய்யப் போற?"

"ஒண்ணும் செய்யல. செத்துப்போவேன்."

அவளுக்கு இது முன்னதைவிடப் பெரிய சந்தேகமாக இருந்தது.

கதவை உள்ளே கொண்டுவந்து தரையில் வைத்து, அதன்மேல் வைக்கோலும் கம்பளியும் பரப்பி, மைலோவைத் தூக்கி வைத்தார்கள். அவன் முனகவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டான். நால்வர் சேர்ந்து தூக்கியபோது பசிலியா வாசலில் குறுக்கே நின்றாள்.

"நகருங்கம்மா" என்றான் ஃபெலிம்.

"விடுறா" என்றான் மைலோ பலகையிலிருந்து. "நான் பொறந்ததுலேருந்தே அக்கா குறுக்கதான் நிக்கிறா. அவளா நகருவா."

நகர்ந்தாள். நகராவிட்டால் நிலைக்கட்டில் அவன் காலை இடித்துவிடுவார்கள்.

முற்றத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். இங்கிலீஷ் குடியானவர்கள் ஒரு பக்கம், ஐரிஷ் குடியானவர்கள் ஒரு பக்கம், நடுவில் பாதிரியார். பூசையில் இவர்களில் பாதிப் பேர் ஏன் இல்லை என்று இப்போது புரிந்தது. பாதிரியார் பிரசங்கத்தை ஏன் இழுத்துக்கொண்டே போனார் என்பதும் புரிந்தது. அவர் அவள் பக்கம் பார்க்கவேயில்லை.

ஃபெலிம் சுவரோரம் குனிந்து, கத்தியால் புல்லோடு ஒரு மண்கட்டியை அறுத்தெடுத்தான். முள்மரத்தில் ஒரு சுள்ளி முறித்து அதில் குத்தினான். மைலோவின் கையில் வைத்தான். ஃபினோலா பலகையின் அருகே மண்டியிட்டு இரண்டு கைகளையும் ஏந்தினாள்.

"இந்த வீடு," என்றான் மைலோ. சத்தம் வரவில்லை. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி தொடங்கினான். "இந்த வீடு, இந்த மண்ணு, அக்கரை விளிம்பு வரைக்கும் ஆறு. எல்லாத்தையும் என் மக ஃபினோலாவுக்குக் குடுத்தேன். எல்லாரும் பார்த்தீங்களா?"

"பார்த்தோம்" என்றார்கள் இரண்டு பக்கமும், இரண்டு பாஷையிலும்.

பசிலியாவுக்கு அங்கேயே உட்கார்ந்துவிடத் தோன்றியது. ஆனால் அவள் உட்காரவில்லை. குடியானவர்கள் முன்னால் வெர்னெல் பெண்கள் உட்காருவதில்லை.

இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. ஃபினோலாவின் அம்மா ஐரிஷ்காரி. மைலோ அவளைத் தேவாலயத்தில் மணக்கவில்லை. ஐரிஷ்காரியை மணக்கும் இங்கிலீஷ்காரனைச் சட்டம் ராஜதுரோகி என்றது. அந்தப் பெண் செத்துப் பல வருஷமாகிறது. அவள் இருந்தவரை பசிலியா அவளைத் தம்பி மனைவி என்று ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ஆகவே சட்டத்தின் கணக்கில் ஃபினோலா யாருமில்லை. மைலோவுக்குப் பின் இந்த மண் அக்காள் மகனுக்கு. கில்பர்ட்டுக்கு.

ஆனால் உயிரோடு இருக்கிறவன் தன் மண்ணை யாருக்கும் கொடுக்கலாம். கொடுக்கிற முறை இதுதான். சாட்சிகள் முன்னால் மண்ணைக் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தவன் அந்த மண்ணை விட்டு வெளியே போய்விட வேண்டும். வாங்கியவர் உள்ளே நிற்க வேண்டும். கொடுத்த மண்ணிலேயே படுத்துச் செத்தால், அவன் கொடுக்கவே இல்லை என்று ஆகிவிடும். அதற்குத்தான் கதவு. அதற்குத்தான் அக்கரை.

பலகையைத் தோளில் ஏற்றினார்கள். ஃபினோலா எழுந்து வாசற்படிக்கு உள்ளே போய் நின்றுகொண்டாள். கதவில்லாத வாசல் அவளுக்குப் பின்னால் குகைபோல இருந்தது.

"அத்தை, நீங்க அப்பாகூடப் போங்க."

"மறுபடியும் என்னை எங்கயாவது அனுப்பு. நீ வரலையா? பெத்தவன் சாகப் போறான், மக வாசல்ல நிக்கிறா. நல்லா இருக்கு."

"நான் படி தாண்டக் கூடாது. தாண்டினா விட்டுட்டுப் போனதா ஆயிடும்னு பாதிரியார் சொல்றார்." ஃபினோலாவின் குரல் உடைந்தது. "அவர் பக்கத்துல நம்ம ஆள் யாராவது வேணும், அத்தை."

கண்ணீர் அவள் தாடைவரை இறங்கிச் சொட்டியது. இரண்டு கையிலும் மண்ணை ஏந்தியிருந்ததால் துடைக்க முடியவில்லை. நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று நினைத்தாள் பசிலியா. நடிக்கிறவளாக இருந்தால் துடைத்துக் காட்டியிருப்பாளே என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் பலகையின் பின்னால் நடந்தாள்.

கோட்டையிலிருந்து ஆற்றுக்குச் சரிவான பாதை. இரவெல்லாம் பெய்த மழையில் வழுக்கியது. தூக்குகிறவர்கள் பக்கவாட்டில் காலை ஊன்றி ஊன்றி இறங்கினார்கள். பாதி வழியில் குளம்புச் சத்தம் கேட்டது. கில்பர்ட் வந்துவிட்டான். அவனோடு கோமானின் காரியக்காரரும் வந்திருந்தார். இந்தப் பக்கத்தில் நிலம் கைமாறினால் செல்லும், செல்லாது என்று சொல்கிறவர் அவர்தான். கில்பர்ட்டுக்கு முன்யோசனை அதிகம். மாமாவுக்கு உடம்பு முடியவில்லை என்றதும் வைத்தியனைக் கூட்டிவராமல் காரியக்காரரைக் கூட்டிவந்திருக்கிறான்.

கில்பர்ட் குதிரையிலிருந்து இறங்கி மைலோவின் முகத்தை எட்டிப் பார்த்தான்.

"மாமா, எப்படி இருக்கீங்க?"

"போயிட்டிருக்கேன்" என்றான் மைலோ.

காரியக்காரர் ஆட்களிடம் நடந்ததை விசாரித்தார். தலையை ஆட்டிக்கொண்டார். "அக்கரை மண்ணுல இறங்கற வரைக்கும் மூச்சு இருக்கணும். நான் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிக் குதிரையை ஓரமாக நடத்தினார்.

கில்பர்ட் அம்மாவின் முழங்கையைப் பற்றிப் பின்னால் இழுத்தான்.

"நல்ல நேரத்துக்குச் சொல்லி அனுப்பினே. இப்ப நீதான் செய்யணும். நான் நிறுத்தினா அடாவடின்னு சொல்லுவாங்க. கூடப் பொறந்தவ நிறுத்தினா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"என்னன்னு நிறுத்தறது?"

"ஜெபம் பண்ணு. தலகாணி சரியில்லைன்னு சொல்லு. தூறல் போடுது, மரத்தடியில இறக்குங்கன்னு சொல்லு. அவர் மூச்சைப் பாத்தியா? ஆத்து வரைக்கும் தாங்காது."

அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. வெர்னெல் மண் வெர்னெல் ரத்தத்துக்குத்தான் போக வேண்டும். அரைகுறை ஐரிஷ் பெண்ணின் கைக்கு அது போனால், அவள் யாரையோ கட்டிக்கொள்வாள், கூடத்தில் மாடு கட்டுவார்கள், அப்பாவின் பெயரை யாராலும் சரியாக உச்சரிக்கக்கூட முடியாது. இதில் கில்பர்ட்டுக்காக என்று எதுவுமில்லை. வம்சத்துக்காகத்தான். அவள் இதைத் தனக்குள் இரண்டாவது முறையும் சொல்லிக்கொண்டாள்.

பாதையோரச் சிலுவை வந்ததும், "நிறுத்துங்க. என் தம்பிக்காக ஜெபம் பண்ணணும்" என்றாள்.

ஃபெலிம் நிற்காமல் நடந்தான்.

"நிறுத்துடா" என்றான் மைலோ.

"மைலோ, உனக்கு நேரமில்ல."

"அக்கா கேக்குறா. நிறுத்து."

பலகையைச் சிலுவை மேடையில் இறக்கினார்கள். மைலோ தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். "எவ்வளவு வேணுமோ எடுத்துக்க, அக்கா. உனக்கு நான் எதையும் இல்லைன்னு சொன்னதில்ல."

அவனுக்குத் தெரியும். அவன் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் நிறுத்தச் சொல்கிறான். அவள் ஈர மண்ணில் மண்டியிட்டாள். பரமண்டல ஜெபத்தைத் தொடங்கி, ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டுச் சொன்னாள். ஃபெலிம் பல்லைக் கடித்தபடி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் தலை குனிந்திருந்தார்கள். காரியக்காரர்கூடத் தொப்பியைக் கழற்றியிருந்தார்.

கில்பர்ட் மட்டும் தலை குனியவில்லை. அவன் மாமாவின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்று. சந்தையில் குதிரையின் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்க்கிறவன் பார்வை அது. நெஞ்சு ஏறத் தாமதமானபோது அவன் முகம் தெளிந்தது. ஏறியதும் சுணங்கியது.

அவன் அவள் காதருகே குனிந்தான். "இன்னொரு விஷயம். அப்படியே தப்பித் தவறி அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துட்டார்னு வை. மாமாவுக்குப் புத்தி பேதலிச்சிருந்ததுன்னு காரியக்காரர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். நீயும் அதையே சொல்லணும். சத்தியம் கேப்பார்."

"புத்தி பேதலிச்சுதா? மைலோவுக்கா?"

"புத்தி சரியா இருக்கறவன் கதவுல படுத்துக்கிட்டு ஆத்தைத் தாண்டுவானா? அப்புறம் அந்த ஃபெலிம். நஞ்சு குடுக்கறாங்கன்னு நீதானே சொல்லி அனுப்பினே? அதையும் சொல்லு. அவனைத் தூக்குல போட்டுட்டா மத்த சாட்சியெல்லாம் தானா வாயை மூடிக்கும்."

"அது பால்தான். நான் குடிச்சுப் பார்த்தேன்."

"சரி. அது நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா போதும்."

அவள் மகனை ஏற இறங்கப் பார்த்தாள். தன்னுடைய சந்தேகம்தான் அது. விடியலில் ஓர் ஆளின் காதில் போட்டு அனுப்பியது, மதியத்துக்குள் ஒருவன் கழுத்துக்கான கயிறாகத் திரும்பி வந்திருக்கிறது. மைலோ வெர்னெல் பைத்தியமாகச் செத்தான் என்று கோமானின் சபையில் சொல்வார்கள். அதைச் சொன்னவள் அவன் அக்காள் என்பார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் கல்லில் வாளோடு படுத்திருக்கிறவன் யார் என்று கேட்டால், அந்தப் பைத்தியமா என்று கேட்பார்கள்.

ஜெபம் பாதியில் நின்றிருந்தது. ஆமென் சொல்லாமலே அவள் எழுந்தாள்.

"தூக்குங்க."

"அம்மா" என்றான் கில்பர்ட்.

"தூக்குங்கன்னு சொன்னேன். ஃபெலிம், காதுல விழல?"

ஃபெலிம் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். அவனுக்கு அதற்கு உரிமை இருந்தது. பிறகு தோளைக் கொடுத்தான்.

ஆறு கலங்கிப் பெருகி ஓடியது. சாதாரணமாக முழங்காலளவு போகும் துறை அது. இன்று இடுப்பைத் தொடும்போல் இருந்தது. மற்ற இடங்களில் ஆற்றின் நடுவோடு எல்லை முடிந்துவிடும். இங்கே அப்படியில்லை. சால்மன் மீனுக்காக அவளுடைய அப்பா மடத்தோடு வருஷக்கணக்காக வழக்காடி, ஆற்றின் முழு அகலத்தையும் வெர்னெல் எல்லைக்குள் கொண்டுவந்திருந்தார். அந்த வெற்றியைச் சொல்லி அவள் எத்தனை விருந்தில் தலை நிமிர்ந்திருக்கிறாள். இன்று அந்த அகலம் முழுவதையும் தாண்ட வேண்டியிருந்தது.

காரியக்காரர் கரையிலேயே நின்றுகொண்டார். அவர் புதுச் சப்பாத்து போட்டிருந்தார். "இங்கேருந்தே தெரியுது" என்றார்.

ஃபெலிம் தலைமாட்டில் முன்னால் இறங்கினான். மைலோவின் ஒரு கை பலகைக்கு வெளியே தொங்கியது. அது தண்ணீரில் உரசாமல் இருக்க யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். பசிலியா பாவாடையைத் தூக்கிக்கொள்ளாமல் அப்படியே ஆற்றில் இறங்கி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். குளிர் எலும்பைக் கவ்வியது.

"அக்கா," என்றான் மைலோ. "பாவாடை நனையுது."

"உன்னை யாரு பாவாடையைப் பாக்கச் சொன்னது?"

அவன் விரல்கள் அவள் விரல்களை இறுக்கின. சிறுவயதில் இடி இடிக்கும்போது இறுக்கிக்கொள்வான், அதுமாதிரி. நடு ஆற்றுக்கு வந்தபோது தண்ணீர் அவள் இடுப்புக்கு மேல் ஏறியது. காலடியில் கூழாங்கல் உருண்டது. பின்னால் தூக்கியவன் தடுமாற, பலகை ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. நிமிர்ந்தபோது அவள் கையிலிருந்த விரல்களில் இறுக்கமில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெர்னெல்கள் எல்லோருமே உயரம். பலகையில் அவன் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. கண் திறந்திருந்தது. தூறலில் ஒரு துளி அந்தக் கண்ணில் விழுந்தது. இமை அசையவில்லை.

தோளில் பாரம் மாறியதை ஃபெலிம் உணர்ந்துவிட்டான். நின்றான். தலையை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தான். "அம்மா..." என்றான். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. இனி எல்லாம் அவள் வாயில் இருந்தது. அக்கரை விளிம்புக்கு இன்னும் பாதி ஆறு கிடந்தது.

"ஏன் நின்னுட்டாங்க?" கரையிலிருந்து காரியக்காரரின் குரல். "சீமாட்டி! சர் மைலோவுக்கு மூச்சு இருக்கா?"

குளம்புகள் தண்ணீரை அடிக்கும் சத்தம். கில்பர்ட் குதிரையோடு ஆற்றில் இறங்கியிருந்தான்.

பசிலியா தம்பியின் கையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"தலையைத் தூக்காதேன்னு எத்தனை தடவைடா சொல்றது?" இரண்டு கரைக்கும் கேட்கிறமாதிரி அவள் குரல் எழுந்தது. "சொன்ன பேச்சைக் கேட்டிருக்கியா என்னைக்காவது? ஃபெலிம் உன்னைப் போட்டுட மாட்டான். பேசாம படு!" பிறகு திரும்பாமலே, "கில்பர்ட், கிட்ட வராதே! குதிரை அலை கிளப்புது. தூக்கறவங்க சறுக்கினா உன் மாமா தண்ணியில போயிடுவார். காரியக்காரர் பாத்துட்டுதான் இருக்கார்!"

கில்பர்ட் கடிவாளத்தை இழுத்தான். குதிரை நின்ற இடத்திலேயே சுழன்றது.

"நட, ஃபெலிம்" என்றாள் தாழ்ந்த குரலில்.

ஃபெலிம் நடந்தான்.

அவள் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். கம்பளியை உதறிவிடுகிறாய் என்று திட்டினாள். உனக்குச் சின்ன வயசிலிருந்தே பிடிவாதம், குதிரைக்குட்டியைக் கூடத்துக்குள் கொண்டுவந்து அப்பாவிடம் உதை வாங்கினாயே, அன்றைக்கும் உன்னால் நானும் உதை வாங்கினேன் என்று திட்டினாள். முன்னால் தூக்கிய ஐரிஷ்காரன் ஒருவன் விஷயம் தெரியாமல் அதற்குச் சிரித்தான். அந்தச் சிரிப்பு கரைவரை கேட்டது. அது நல்லதாகப் போயிற்று. ஃபெலிமின் முதுகு மட்டும் குலுங்கியது. தூரத்திலிருந்து பார்த்தால் அவனும் சிரிக்கிறான் என்றுதான் தோன்றும்.

அக்கரையில் புல் தரையில் பலகையை இறக்கினார்கள். பசிலியா குனிந்து, தம்பியின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துச் சிறிது நேரம் அப்படியே இருந்தாள். பிறகு இரண்டு விரலால் அவன் கண்களை மூடினாள்.

"முடிஞ்சுது" என்றாள்.

ஃபெலிம் மண்டியிட்டுத் தலையைப் பலகையில் வைத்துக்கொண்டான். மற்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

"சீமாட்டி!" எதிர்க்கரையிலிருந்து காரியக்காரர் வாயைக் கையால் குவித்துக் கூப்பிட்டார். "அக்கரை மண்ணுல இறங்கின பிறகுதானே?"

"நீங்க கண்ணால பாத்தீங்க, காதால கேட்டீங்க. நான் வேற சொல்லணுமா?"

காரியக்காரர் யோசித்தார். வெர்னெல் வீட்டுப் பெண்ணிடம் இரண்டாவது முறை கேட்பது மரியாதையில்லை. அவர் சிலுவை போட்டுக்கொண்டு, கோட்டை வாசலில் சின்னதாகத் தெரிந்த உருவத்தைப் பார்த்து, செல்லும் என்று கையை உயர்த்தினார்.

கில்பர்ட் கரையேறி வந்தான். குதிரையிலிருந்து இறங்கி மாமாவின் கையைத் தொட்டான். பிறகு கழுத்தைத் தொட்டான்.

"சில்லுன்னு இருக்கு."

"ஆத்துத் தண்ணி."

"கழுத்துல தண்ணி படலையே."

அவள் குனிந்தாள். கம்பளியை இழுத்து மைலோவின் கழுத்துவரை மூடினாள்.

"அம்மா," கில்பர்ட் அவள் முகத்தையே பார்த்தான். "நீ பொய் சொல்ல மாட்டே."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

அவள் முதுகை நிமிர்த்தி, பூசையில் நிற்பதுபோல் நின்றாள். அவன் பார்வை மெல்ல அவள் முகத்திலிருந்து இறங்கி, சேறு வழியும் பாவாடையைத் தாண்டித் தரைக்கு வந்தது.

அவளுடைய ஒரு சப்பாத்தை ஆறு எப்போதோ கொண்டுபோயிருந்தது. பசிலியா பாவாடை விளிம்பைச் சற்றே இழுத்துவிட்டு, அந்த வெறுங்காலை மறைத்துக்கொண்டாள்.